14 சதவீத விரல்

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த ஆறு வாரத்தில், ஒரே கதை ஏழு பேரிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. நான் துப்பாக்கி சுடுதல் பழகுகிறவள் என்று தெரிந்தவர்கள் அக்கறையோடு அனுப்பியது. ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாக்ஸின் கதை. 1938இல் பயிற்சியின்போது பழுதான கையெறி குண்டு ஒன்று அவருடைய வலது கையிலேயே வெடித்துவிட்டது. அது அவர் சுடும் கை. மனிதர் தளரவில்லை. யாருக்கும் தெரியாமல் இடது கையால் பழகினார். அடுத்த ஆண்டே தேசியப் போட்டியில் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம், 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். கதைக்குக் கீழே ஒரு சூரிய உதயப் படம். 'மனமிருந்தால் மார்க்கமுண்டு.'

கதை பொய்யில்லை. லண்டனில் அவர் எடுத்த 580 புள்ளிகள் அன்றைக்கு உலக சாதனை; அப்போது அவருக்கு வயது 38. ஆனால் ஏழு ஃபார்வர்டிலும் ஓர் ஆண்டைக் காணவில்லை. 1936. குண்டு வெடிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, இரண்டு கையும் முழுசாக இருந்த காலத்திலேயே, டகாக்ஸ் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. உலகத் தரத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்தான். ஆனால் சார்ஜண்ட். ஹங்கேரி ராணுவத்திலிருந்து அதிகாரிகள் மட்டுமே போகலாம் என்று விதி. பெர்லின் முடிந்த பிறகுதான் அந்த விதியை எடுத்தார்கள்.

இப்படி ஓர் ஆண்டு விடுபட்டுப்போவது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. கையெறி குண்டு யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லிவிடலாம். விதி அப்படி இல்லை, அதை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த ராணுவம், 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியதே, அவர்களுக்குக் குறி தவற ஆரம்பித்தது என்பதாலா? எங்கள் கிளப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஓய்வுபெற்ற ஹவில்தார். சார்ஜண்டுக்கு நம் ராணுவத்தில் அதுதான் பெயர். அவரிடம் 1936 சமாச்சாரத்தைச் சொன்னேன். சிரித்தார். "ஹவில்தாருக்கு எல்லா நாட்டுலயும் ஒரே கதைதாம்மா."

எனக்கு முதன்முதலில் துப்பாக்கி கொடுத்தது என்.சி.சி. கல்லூரி இரண்டாம் ஆண்டு முகாமில் .22 ரைஃபிள், 25 கஜம், ஐந்து தோட்டா. குப்புறப் படுத்துச் சுட வேண்டும். அதுவரை எங்கள் காலனியில் துப்பாக்கியைப் போலீஸ் கையில் மட்டும்தான் பார்த்திருந்தோம். அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னுடைய ஐந்து தோட்டாவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்திருந்தன. முகாமில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நான் மட்டும் அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பிறகு எம்.ஏ., வேலை, களப்பணி என்று எட்டு ஆண்டு ஓடிவிட்டது. முப்பதைத் தாண்டிய பிறகுதான் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர முடிந்தது.

சமூகப் பணியாளருக்குத் துப்பாக்கி எதற்கு என்று தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நான் சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அழுத்தப்பட்ட காற்று தள்ளிவிடும் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட். .177 துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம்கூட வேண்டாம். ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். 10 மீட்டர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம், குறுக்களவு 59.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் பத்துப் புள்ளிக்கான வளையம் 11.5 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பொத்தான். 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அந்த 75 நிமிடமும் எனக்குப் போன் வராது, யாரும் மனு எழுதித் தரச் சொல்ல மாட்டார்கள். எதற்கு என்றால் இதற்குத்தான். போட்டித் தரமான பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும் என்பதால் கிளப் பிஸ்டலில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

2023 நவம்பரில், களப்பணிக்குப் போன வழியில், மழையில் வண்டி சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். ஆர எலும்பு மணிக்கட்டுப் பக்கம் முறிந்தது. அத்தை புத்தூர் கட்டுப் போட்டால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றார். எக்ஸ்ரேயைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த ஒரு நாள் ஆயிற்று. அரசு மருத்துவமனையில் எலும்பைச் சரிசெய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது வேறு யாருடையதோ போல ஒரு கை. வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்து. பிடிமானத்தை அளக்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். இடது கை 23 கிலோ. வலது கை 5.

பிசியோதெரபி அறையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். அங்கே எல்லோரும் குழந்தைகள் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். பஞ்சுப் பந்தை அமுக்குவார்கள். துணிக் கிளிப்பை எடுத்துக் கம்பியில் மாட்டுவார்கள், மறுபடி எடுப்பார்கள். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்துக்கொண்டு, அது இறுகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் வேலை பார்க்கும் ஊர் பட்டறைகளின் ஊர். தெருவுக்கு நாலு லேத், இரண்டு பவர் பிரஸ். அதனால் அந்த அறையில் கால்களைவிடக் கைகள் அதிகம். கரும்பு மிஷினில் கையை விட்ட அக்கா ஒருவர் இருந்தார். மாடிப்படிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது விழுந்த ஒருவர். என் பக்கத்து நாற்காலியில் 24 வயதுத் தம்பி ஒருவன். பவர் பிரஸ்ஸில் வலது கை ஆட்காட்டி விரல் மாட்டியிருந்தது. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள், எலும்பும் சேர்ந்துவிட்டது. ஆனால் மடங்கவில்லை. எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்கும் அந்த விரல்தான் கவலை. முறிந்தது மணிக்கட்டு என்றாலும், ஆறு வாரம் சும்மா இருந்ததில் விரல்கள் தனித்தனியாக அசைவதை மறந்துவிட்டன. ஒன்றை மடக்கினால் நான்கும் சேர்ந்து மடங்கும். பிஸ்டல் சுடுகிறவளுக்கு இது பெரிய சிக்கல். நடுவிரலும் மோதிர விரலும் பிடியைக் கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்; அதே நேரத்தில் ஆட்காட்டி விரல் மட்டும், மற்ற விரல்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, ட்ரிக்கரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். ஏர் பிஸ்டல் ட்ரிக்கரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. அரைக் கிலோ. ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். அதை ஒரு விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதையால், வேறு எதையும் அசைக்காமல் நகர்த்த வேண்டும்.

எம்.ஏ. படித்தபோது மார்செல் மோஸின் 'உடல் நுட்பங்கள்' பாடத்தில் இருந்தது. 1934இல் அவர் ஆற்றிய உரை. அதில் ஒரு தகவல்: முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைப்பிரிவு விட்டுச் சென்ற இடத்துக்கு ஆங்கிலேயப் படைப்பிரிவு வந்தால், 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்ததாம். பிரெஞ்சு மண்வெட்டியால் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு வெட்டத் தெரியவில்லை. கையின் பழக்கம் மெதுவாகக் கற்றது, மெதுவாகத்தான் மாறும் என்பார் மோஸ். பரீட்சைக்கு அதைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேன். துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நிஜமாக மண்டையில் ஏறியது.

டகாக்ஸைப் போல நானும் இடது கைக்கு மாறிவிடலாமே என்று ஒருத்தி கேட்டாள். ஒரு சாயங்காலம் முயன்றும் பார்த்தேன். போட்டி பிஸ்டலின் பிடி மரத்தில் கை வடிவத்துக்குச் செதுக்கியது. உள்ளங்கையின் விளிம்பு உட்காரக் கீழே ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். வலது கைக்குச் செய்ததை இடது கையால் பிடித்தால், செருப்பை மாற்றிப் போட்ட மாதிரிதான். இடது கைப் பிடி தனியாக வாங்க வேண்டும். கிளப்பில் இல்லை. வாங்க என்னிடம் காசில்லை. ஹரியானாவின் மணீஷ் நர்வாலுக்குப் பிறவியிலேயே வலது கையில் குறைபாடு. அவர் இடது கையால் சுட்டுத்தான் டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். அவருடைய கைக்கு ஏற்ற பிடியை யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. டகாக்ஸும் ராணுவத்தில் இருந்தவர். ரகசியமாகப் பழகினார் என்கிறார்களே, ரகசியமாகப் பழகக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கியும் தோட்டாவும் வேண்டுமல்லவா?

சரி, வலது கையே வரட்டும் என்று காத்திருந்தேன். வீட்டில் அரை லிட்டர் பாட்டிலில் கால்வாசி தண்ணீர் வைத்து, கையை நீட்டிப் பத்து வினாடி. வாரத்துக்கு ஒரு விரற்கடை தண்ணீர் கூட்டினேன். பாட்டிலை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு ஆட்காட்டி விரலை மட்டும் மடக்கி நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் அம்மா பார்த்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மாஸ்டர் என்றேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

பக்கத்து நாற்காலித் தம்பி அந்தப் பயிற்சியை என்னைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்தான். ஐந்து நாள் வந்தான். ஆறாம் நாள் வரவில்லை.

போன் செய்தேன். அறை திறந்திருப்பது காலை 9 முதல் 12 வரை. பட்டறை முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று 3,000 ரூபாய் கொடுத்ததோடு சரி, கை சரியானதும் வா என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மாவும் தங்கையும். ஒரு மளிகைக் குடோனில் இடது கையால் மூட்டை எண்ணி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். "காலைல வந்தா அன்னைக்குக் கூலி போயிடுங்க அக்கா." எனக்கோ நான் வேலை பார்க்கும் அலுவலகம் ஆறு வாரமும் சம்பளம் கொடுத்தது, அதற்குப் பிறகு காலை நேரங்களை விட்டும் கொடுத்தது. அதே அறை, அதே மெழுகு, அதே பந்து. மன உறுதியில் அவன் எனக்குக் குறைந்தவன் என்று யாராவது சொன்னால் அவரை அந்தக் குடோனுக்கு ஒரு நாள் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறேன்.

பட்டறையில் மொத்தம் ஆறு பேர். பத்துப் பேருக்குக் குறைந்ததால் இ.எஸ்.ஐ. இல்லை. இருந்திருந்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வந்திருக்கும். மிச்சம் இருந்தது அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அது தற்காலிக ஊனத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு கொடுக்கச் சொன்னது. ஆக மாதத்துக்குப் பாதிச் சம்பளம். முதலாளி அதையும் கொடுக்கவில்லை. தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட்டோம்.

இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்திருக்கிறீர்களா? களப்பணிக்கு வரும் மாணவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். உடம்பை வெட்டி விலை போட்ட பட்டியல். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் தவிர நான்கு விரலும் போனால் 50. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. அதில் இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. தம்பிக்கு விரல் போகவில்லை, மடங்கவில்லை. அதற்கு அட்டவணையில் இடம் கிடையாது. மருத்துவர் பார்த்து இத்தனை சதவீதம் என்று சான்று தர வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் நான் ரேஞ்சுக்குத் திரும்பினேன். முதல் நாள் மாஸ்டர் பெல்லட் டப்பாவை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். இலக்குக் காகிதத்தையும் திருப்பி மாட்டினார், வெறும் வெள்ளை. சுட எதுவும் இல்லை, குறிபார்க்கவும் எதுவும் இல்லை. பிஸ்டலைத் தூக்கு, முன்குறியைப் பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் வை, ட்ரிக்கரை இழு, இறக்கு. 15 முறை. மணிக்கட்டைத் தாங்கும் பட்டையோடு போயிருந்தேன். அதைக் கழற்றச் சொன்னார். பிஸ்டல் பிடிக்கும் கையில் கைக்கடிகாரம்கூடப் போட்டியில் அனுமதி கிடையாது. எட்டாவது முறையில் முன்கை நடுங்க ஆரம்பித்தது. பன்னிரண்டில் நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் 12 என்று எழுதிக்கொண்டார்.

இந்த நடுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கை ஆடாமல் நிற்பதுதான் சுடுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆடாத கை என்று ஒன்று கிடையாது, ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். ஆட்டத்தின் வட்டம் அவர்களுக்குச் சிறியது, அவ்வளவுதான். முன்குறி பத்தைக் கடக்கும் நொடியில் சட்டென்று பிடித்து இழுத்துவிடலாம் என்று ஆசை வரும். அந்த ஆசையில் இழுத்தால் ஆறில் போய் விழும், ஏனென்றால் சட்டென்று இழுக்கும் கை பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஆடுவது ஆடட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணை முன்குறியில் வைத்து, இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று ட்ரிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடித்தது என்று நமக்கே ஆச்சரியமாக இருக்க வேண்டும். காயத்துக்குப் பிறகு என் வட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. அதைவிடத் தொல்லை, வலிக்கப்போகிறது என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பு மணிக்கட்டை இறுக்கிவிடும். ஏர் பிஸ்டலில் பின்னுதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வலிக்கவும் இல்லை. ஆனாலும் இறுகும். என் சிகிச்சையில் பாதி, கையை நம்பச் சொல்லி மூளையிடம் மன்றாடியதுதான்.

மார்ச் இரண்டாம் வாரம் பெல்லட் டப்பா இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. 20 சுட்டேன். 200க்கு 151. விபத்துக்கு முன்பு 180க்குக் கீழே வந்தால் அன்று வீட்டில் யாரிடமும் பேச மாட்டேன். 151 எடுத்த அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனேன். இப்போது மே மாதம். 40 வரை போகிறேன். அதற்கு மேல் உள்ளங்கை மரத்துவிடுகிறது, வைத்துவிடுகிறேன். 60 எப்போது என்று மாஸ்டரிடம் கேட்டதற்கு, நோட்டில் வரும்போது தெரியும் என்றார்.

பிசியோதெரபி அறையை வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் திறக்க வேண்டும் என்று இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை. அதனால் அந்தத் தம்பி சனிக்கிழமை இரவு குடோன் முடிந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறான். பிசியோதெரபிஸ்ட் அம்மா எழுதிக்கொடுத்த பயிற்சிகளையும் அந்தப் பாட்டில் பயிற்சியையும் செய்கிறான். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் இருக்கும் தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துவைக்கிறோம். பிப்ரவரியில் நாலரை சென்டிமீட்டர். ஏப்ரல் கடைசியில் இரண்டே முக்கால்.

மருத்துவச் சான்றுக்கான தேதி அடுத்த மாதம். போன வாரம் அளந்துகொண்டிருக்கும்போது கேட்டான்: "அக்கா, விரல் நல்லா மடங்குச்சுன்னா சர்டிபிகேட்ல பர்சன்டேஜ் கொறையுமுங்களா?"

குறையும் என்றேன்.

"அப்ப அது முடியற வரைக்கும் இதை நிறுத்திரட்டுங்களா?"

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அது அவனுடைய பணம், அவனுக்குத் தெரிய வேண்டும். மாதச் சம்பளம் 12,000. அதில் 60 சதவீதம் 7,200. அவன் வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கல் எண் 218.47. பெருக்கினால் 15,72,984 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. விரலே போயிருந்தால் 14 சதவீதம், 2,20,218 ரூபாய். ஒரு சதவீதம் என்றால் 15,730 ரூபாய். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் மடக்குவது அதைத்தான். இன்னொரு பக்கம், இந்த மாதங்களில் விட்டுவிட்டால் மூட்டு இறுகிப்போகும், பிறகு எத்தனை ஆண்டு அமுக்கினாலும் வராது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும் அதே காகிதத்தில் கீழே எழுதினேன். என்னைக் கேட்டால் நிறுத்தாதே என்பேன், ஆனால் 15,730 ரூபாய் என் வீட்டுக்கு வரவேண்டிய பணம் இல்லை என்றும் சொன்னேன்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நேற்று சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு வந்தான், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டே கால்.